மகன் கோல்கீப்பர் ஆக வேண்டுமாம்: விளையாட்டுப் பள்ளியா, படிப்போடு கிளப்பா, வெளிநாட்டு அகாடமியா?

2024 ஜூன் 11ஆம் தேதி பேங்காக்கில் சிங்கப்பூர் 3-1 என்று தாய்லாந்திடம் தோற்றது. ஆனால் சிங்கப்பூர்க் கீப்பர் ஹசான் சன்னி அன்று 11 முறை பந்தைத் தடுத்ததால் தாய்லாந்துக்கு வேண்டிய கோல் வித்தியாசம் கிடைக்காமல் போய், சீனா உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றின் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தது. தெம்பனிசில் அவர் நடத்திய நாசி லெமாக் கடையைத் தேடி சீன ரசிகர்கள் வந்து வரிசை கட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 40.

வாரயிறுதியில் பிள்ளைகளுக்குக் கீப்பிங் சொல்லித்தருபவன் என்பதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, உயரமும் வந்துவிடும்போல. விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா? நல்ல பள்ளியில் படிக்கவைத்துக்கொண்டே கிளப்பில் போடலாமா? ஸ்பெயினில் அகாடமி இருக்கிறதாமே, வீட்டை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாமா?"

அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும் ஆலோசனை பெரும்பாலும் முன்கள ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. விங்கர், அதாவது ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரர், 17 வயதில் கண்ணில் படாவிட்டால் கதை முடிந்தது என்பார்கள். கீப்பரின் கணக்கு வேறு. அவன் தாமதமாகத் தேறுகிறான், நீண்ட காலம் நிற்கிறான். அதனால் முடிவையும் வேறு தராசில் எடைபோட வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஆட்ட நிமிடங்கள். மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஓர் அணியில் கீப்பருக்கு ஒரே இடம். விங்கரைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள். இரண்டாம் கீப்பர் ஒரு பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தே கழிக்கலாம். பாய்ந்து பிடிப்பதைப் பயிற்சியில் கற்கலாம். கார்னர் பந்துக்கு வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடியில் முடிவெடுப்பதையும், தன்னைவிட மூத்த தடுப்பாட்டக்காரனை அதட்டி இடம் மாற்றுவதையும் ஆட்டத்தில்தான் கற்க முடியும்.

இரண்டாவது, இரண்டு ஆண்டுக் கட்டாயப் பணியான தேசியச் சேவை எந்த வயதில் வந்து விழுகிறது. மூன்றாவது, தனியாகக் கீப்பர் பயிற்றுநர் இருக்கிறாரா. இதை விளம்பரத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சாதாரண வாரநாள் மாலை ஒன்றில் போய் வேலியோரம் நின்று பாருங்கள். கீப்பர்கள் மற்றவர்களின் உதை பயிற்சிக்கு இலக்காக மட்டும் நிற்கிறார்களா, இல்லை ஒரு மூலையில் அவர்களுக்கென்று தனி வேலை நடக்கிறதா? பிள்ளை பறந்து விழுந்ததும் கைதட்டுகிறாரா பயிற்றுநர், அல்லது "பாய்வதற்கு முன்னால் உன் இடது கால் எங்கே இருந்தது?" என்று கேட்கிறாரா? இரண்டாமவரிடம் விடுங்கள்.

நான்காவது செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத செலவு கையுறையில் தொடங்குகிறது. நம்மூர்ச் செயற்கைப் புல் கையுறையின் லேடெக்ஸ் ரப்பரைத் தின்றுவிடும். உள்ளங்கைப் பகுதியை நனைத்துக்கொள்ளாமல் ஆடினால் பிடிமானமும் போய், சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வேண்டும். இடுப்பிலும் முழங்கையிலும் தோல் உரிந்து, காயம் ஆறுவதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிடும். வளைகுடா நாட்டிலோ ஐரோப்பாவிலோ ஆடுகிறவனுக்கு இல்லாத இன்னொரு செலவும் நமக்கு உண்டு: மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலைவிட்டு வெளியேற வேண்டும். அழைத்துவந்த அப்பா கூரைக்கடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மாலை அப்படியே போகும்.

ஐந்தாவது, இது கைகூடாவிட்டால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்.

உயரத்தை அளவுகோலாகச் சேர்க்கவில்லை, அது வாசல். நெதர்லாந்தின் வான் டெர் சார் 1.97 மீட்டர், பெல்ஜியத்தின் கோர்ட்வா ஏறக்குறைய இரண்டு மீட்டர். ரியல் மட்ரிட்டுக்கு மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்று தந்த கெய்லர் நவாஸ் 1.85தான் என்பது ஆறுதல். தென்கிழக்காசியாவில் அந்த உயரம் தாராளம். அதற்கும் கீழே நின்றுவிடும் என்று அப்பா அம்மாவைப் பார்த்தாலே தெரிகிறதா? அப்படியானால் பிள்ளை ஆடட்டும், ஐரோப்பாவுக்கென்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

கீப்பர்கள் எந்த வயதில் நாட்டைவிட்டுப் போனார்கள்

காற்பந்தில் பெரிய பெயரில்லாத நாடுகளிலிருந்து வெளியே போன சிலரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரேசில்காரர்களோடு நம்மை ஒப்பிட்டு என்ன பயன்?

| கீப்பர் | நாடு | முதல் வெளிநாட்டு கிளப் | அப்போது வயது |
|---|---|---|---|
| அலி அல்-ஹப்சி | ஓமான் | லின், நார்வே (2003) | 21 |
| குர்பிரீத் சிங் சந்து | இந்தியா | ஸ்டாபெக், நார்வே (2014) | 22 |
| கெய்லர் நவாஸ் | கோஸ்டா ரிக்கா | அல்பசேட்டே, ஸ்பெயின் (2010) | 23 |
| காவின் தம்சட்சனான் | தாய்லாந்து | லூவன், பெல்ஜியம் (2018) | 28 |
| ஹசான் சன்னி | சிங்கப்பூர் | ஆர்மி யுனைடெட், தாய்லாந்து (2015) | 30 |

அல்-ஹப்சி நார்வே போகுமுன் விமான நிலையத்தில் தீயணைப்பு வேலை பார்த்தவர். பிறகு போல்டன், விகன் என்று இங்கிலாந்தில் பல ஆண்டுகள் ஆடினார். நவாசின் நாடு மக்கள்தொகையில் நம்மைவிடச் சிறியது. அவர் போய்ச் சேர்ந்ததும் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக்குத்தான். மட்ரிட் கூப்பிட்டபோது வயது 27. இந்தப் பட்டியலில் 20 வயதுக்கு முன்னால் புறப்பட்டவர் ஒருவரும் இல்லை.

சிங்கப்பூர்ப் பையன் தொடக்கக் கல்லூரி வழியாகப் போனால் 20, 21 வயதில் தேசியச் சேவையை முடிக்கிறான். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாகப் போனால் 22 ஆகலாம். பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். அணியில் கீப்பரல்லாத மற்ற நிலைகளில் ஆடுகிறவனுக்கு இரண்டு பொன்னான ஆண்டுகள் போகின்றன. கீப்பருக்குப் போவது, எந்த நாட்டில் இருந்தாலும் அநேகமாகப் பெஞ்சில் கழிந்திருக்கக்கூடிய ஆண்டுகள். இத்தாலியின் புஃபோன் 1995இல் 17 வயதிலேயே பார்மாவுக்காக மிலானுக்கு எதிராக இறங்கி கோல் விடாமல் ஆடினார், உண்மைதான். விதிவிலக்கைக் காட்டி வீட்டை விற்க முடியாது.

விளையாட்டுப் பள்ளியும் தேசியத் திட்டமும்

உட்லண்ட்சில் 2004இல் திறந்த சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி, 2021இல் தொடங்கிய 'அன்லீஷ் த ரோர்' திட்டத்தின் கீழ்ச் சில உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் காற்பந்து அகாடமிகள், இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறேன். நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாகத் தொடக்கநிலை 6இலேயே விண்ணப்பிக்கலாம்; தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதத்தான் வேண்டும்.

இதன் பலம் நேரம். பாட அட்டவணையே பயிற்சியை ஒட்டி அமைகிறது. பிள்ளை ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு எம்ஆர்டியில் தூங்கி வழிந்துகொண்டு போக வேண்டியதில்லை. பயிற்றுநர் தரமும் பொதுவாக மேல். விளையாட்டுப் பள்ளியிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் ஐபி என்ற அனைத்துலக பாக்கலோரியட் பட்டயத்துக்கும் நேர்வழி இருப்பதால் படிப்பு அறுந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

மறைமுகச் செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஒரே வயதுப் பிரிவில் நாட்டின் நல்ல கீப்பர்கள் மூன்று நான்கு பேரைக் கொண்டுவந்து ஒரே அணியில் வைத்தால், வாரக்கடைசியில் ஒருவன்தான் ஆடுவான். 13 வயதில் முந்தி வளர்ந்தவன் இடத்தைப் பிடிப்பான். மெதுவாக வளர்கிறவன் காத்திருப்பான். 16 வயதில் கணக்கு தலைகீழாகலாம், அதற்குள் இரண்டு பருவங்கள் போயிருக்கும். இன்னொன்றும் உண்டு: பதினான்கு வயதில் "நான் கீப்பர்" என்பது மட்டுமே அடையாளமாகிவிட்ட பிள்ளைக்கு, கழற்றிவிடப்படும் நாள் மிகவும் கொடியது.

மகன் இப்போதே தன் வயதில் முதலிரண்டு கீப்பர்களில் ஒருவன் என்று, உங்களைத் தவிர வேறு யாராவது சொன்னால், இந்த வழி சரி.

சாதாரணப் பள்ளி, கூடவே கிளப் இளையர் அணி

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, பெரும்பாலும் பயத்தால். ஆனால் கீப்பருக்கு இது பயந்தவன் வழி இல்லை. இணைப்பாட நடவடிக்கையில் பள்ளி அணி, வாரயிறுதியில் கிளப் அணி: இரண்டிலும் அவன்தான் முதல் கீப்பர் என்றால், பெரிய அகாடமியில் காத்திருக்கும் பையனைவிட அதிக ஆட்டம் ஆடியிருப்பான். பலவீனமான அணியில் நின்றால் இன்னும் நல்லது. ஆட்டத்துக்குப் பதினைந்து முறை பந்து கோலை நோக்கி வரும். 2015 ஜூன் 16 அன்று சைத்தமாவில் சிங்கப்பூர்க் கீப்பர் இஸ்வான் மஹ்புட் ஜப்பானை 0-0 என்று நிறுத்தியபோது 18 முறை பந்தைத் தடுத்தார். சிங்கப்பூர்க் கீப்பரின் அனைத்துலக வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்: முற்றுகைக்குள். வெல்லும் அணியில் நின்று பழகியவன் அதற்குத் தயாராக இருக்க மாட்டான்.

இதன் உண்மையான விலை தூக்கம். ஆறு மணிக்கு எழுந்து, பள்ளி, துணைப்பாடம், எட்டு மணிக்குப் பயிற்சி, பதினொன்றுக்கு வீடு. உயர்நிலை 4இல் ஏதோ ஒன்று உடையும். தேர்வுக்காக நான்கு மாதம் பயிற்சியை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். நான் நிறுத்தச் சொல்வேன். கீப்பருக்கு நான்கு மாதத்தில் எதுவும் குடிமுழுகிவிடாது.

அடுத்த விலை, மேலே போனதும் இடம் குறைவு. சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் எட்டு ஒன்பது கிளப்புகள். அதாவது நாடு முழுக்க எட்டு ஒன்பது முதல் கீப்பர் நாற்காலிகள். அவற்றிலும் வெளிநாட்டவர் உட்காரலாம். லயன் சிட்டி செய்லர்ஸ் 2025 மே மாதம் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் வரை போன பருவத்தில் அவர்களிடம் குரோஷியக் கீப்பர் இவான் சூசக் இருந்தார். தேசிய அணிக் கீப்பர் இஸ்வானும் அதே கிளப்தான். கீப்பருக்கு வயதானாலும் எளிதில் நாற்காலி காலியாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த வழியில் போகிறவனுக்குப் பொறுமையும் இன்னொரு தொழிலும் வேண்டும். 2018 உலகக் கிண்ணத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த ஐஸ்லாந்தின் ஹன்னஸ் ஹால்டோர்சன் தொழில்முறையில் படம் இயக்குபவர். அமெரிக்காவின் பிராட் ஃப்ரீடல் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு இங்கிலாந்து போனவர். பிரிமியர் லீக்கில் தொடர்ச்சியாக 310 ஆட்டங்கள் ஆடிய சாதனை அவருடையது. எட்வார் மெண்டி 2014இல் பிரான்சில் மூன்றாம் பிரிவு கிளப் கைவிட்டதும் ஓராண்டு வேலையில்லாமல் இருந்தார். 2021இல் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக், 2022இல் செனகலோடு ஆப்பிரிக்கக் கிண்ணம். விங்கருக்கு இப்படி ஒரு கதை அமைவது அரிது.

வெளிநாட்டு அகாடமி

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், இதைப் பற்றித்தான் குறைவாக விசாரிக்கிறார்கள்.

ஃபிஃபாவின் 19ஆம் விதி: 18 வயதுக்கு முன் ஓர் ஆட்டக்காரர் வேறு நாட்டு கிளப்பில் பதிவுபெற முடியாது. காற்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் பெற்றோர் அங்கே குடிபெயர்ந்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இதை மீறியதற்காகத்தான் 2014இல் பார்சிலோனாவுக்கே ஃபிஃபா தடை விதித்தது. அதனால் அங்கே ஆட முடியாமல்போன ஜப்பானியச் சிறுவன் தக்கேஃபுசா குபோ 2015இல் ஊர் திரும்பினான். 18 ஆனதும் மறுபடி ஸ்பெயின் போனான். அப்படியானால் விளம்பரத்தில் வரும் "ஐரோப்பிய அகாடமி" எது? பெரும்பாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கவைத்துப் பயிற்சி தரும் தனியார் நிறுவனம். ஆண்டுக்குப் பல பத்தாயிரம் வெள்ளி ஆகும். பயிற்சி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதிகாரபூர்வ லீக்கில் பிள்ளையின் பெயரைப் பதிய முடியுமா, நட்புமுறை ஆட்டங்கள் மட்டும்தானா என்று எழுத்தில் கேளுங்கள். கீப்பருக்கு நட்புமுறை ஆட்டம் பாதி ஆட்டம்கூட இல்லை.

அப்புறம் தேசியச் சேவை. 13 வயது கடந்த பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பெர்மிட் என்ற வெளிநாடு செல்லும் அனுமதி வாங்க வேண்டும். பதினாறரை வயதுக்கு முன் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ போனால் பிணை கேட்பார்கள்: 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. 18இல் திரும்பிவர வேண்டும், அதாவது 19ஆம் விதி தடையை நீக்கும் அதே வயதில்! ஒத்திவைப்பு கிடைக்குமா? 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கிளப்போடு ஒப்பந்தம் செய்த பென் டேவிசுக்குத் தற்காப்பு அமைச்சு மறுத்துவிட்டது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் நீண்டகால ஒத்திவைப்பு பெற்ற விளையாட்டாளர்கள் மூன்று பேர்தான். நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் அவர்களில் ஒருவர். காற்பந்து ஆடுபவர் எவரும் இல்லை. டேவிஸ் பின்னர் தாய்லாந்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடினார்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு எமிலியானோ மார்ட்டினெஸ் சாட்சி. 17 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து ஆர்சனல் போனார். ஆக்ஸ்ஃபர்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, ராதர்ஹம், வுல்வ்ஸ், கெட்டாஃபே, ரெடிங் என்று வேறு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2020இல் முதல் கீப்பருக்குக் காயம்பட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. தேசிய அணியில் அறிமுகமானபோது வயது 28. அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை. முடிவு அருமைதான். நடுவே கழிந்த பத்தாண்டுகளைத் தாங்க எத்தனை பதின்ம வயதுப் பிள்ளைகளால் முடியும்?

உங்கள் வேலை காரணமாகக் குடும்பமே இடம்பெயர்கிறது என்றால் கதை மாறுகிறது. இங்கிலாந்தில் பிறந்து செல்சி அகாடமியில் வளர்ந்த நீல் ஈதரிட்ஜ், அம்மாவின் நாடான பிலிப்பீன்சுக்கு ஆடினார். 2018இல் கார்டிஃப் அணிக்காக பிரிமியர் லீக்கில் இறங்கி, முதலிரண்டு ஆட்டங்களிலும் பெனால்டியைத் தடுத்தார். குடும்பம் அங்கேயே இருந்ததால் அமைந்த வழி அது.

இன்னொரு சிறிய கதவு பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில். வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து தலா 50 கிலோமீட்டருக்குள் இருந்து, பிள்ளை வீட்டிலேயே தங்கிப் போய்வந்து, இரு நாட்டுச் சங்கங்களும் சம்மதித்தால் 18 வயதுக்கு முன்பே பதிவுபெறலாம் என்று அதே விதி சொல்கிறது. ஜொகூர் அந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மாலை நெரிசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கணக்கு

பெரும்பாலான பையன்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: 18 வரை எங்கே முதல் கீப்பராக ஆட முடியுமோ அங்கே, சேவை நாள்களில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது, அடிப்படை ராணுவப் பயிற்சி மாதங்களில் கிளப்பை மறந்துவிடுவது, பிறகு 21, 22இல் வெளியே முயல்வது. ஐரோப்பாவை எதிர்பார்க்காதீர்கள். சைத்தமா ஆட்டத்துக்குப் பிறகு இஸ்வான் ஜப்பானின் மட்சுமோட்டோ யமாகாவுக்குப் போய்ப் பயிற்சியில் கலந்துகொண்டார், ஒப்பந்தம் அமையவில்லை. 2018இல் தாய்லாந்து போனார். தாய்லாந்தும் மலேசியாவும்தான் நடைமுறைக் கதவுகள்.

நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிப் பையனுக்கும் தேசியச் சேவை உண்டு, ஆனால் சிங்கப்பூர்ச் சட்டை அணியக் குடியுரிமை வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே சிங்கப்பூருக்கு ஆட முடியாது. 15 வயதுக்குள் வீட்டில் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

மகள் கீப்பர் என்றால் மேலே சொன்னதில் பாதியைக் கிழித்துப் போடலாம். சேவை இல்லை, எக்ஸிட் பெர்மிட் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் பெண்களுக்கு நன்றாகவே திறந்திருக்கின்றன; முன்கள ஆட்டக்காரர் டெனல் டான் அங்கே படித்து, பிறகு டோர்ட்மண்டுக்கும் ஜப்பானுக்கும் போனார். மகளுக்கு மட்டும், மதிப்பெண்ணும் ஆங்கிலமும் இருந்தால், வெளிநாட்டைத்தான் முதலில் பாருங்கள்.

எந்த வழியானாலும், கையெழுத்துப் போடுமுன் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை: இவன் வயதுப் பிரிவில் எத்தனை கீப்பர்கள்? போன பருவத்தில் உங்கள் இரண்டாம் கீப்பர் எத்தனை ஆட்டம் ஆடினான்? கீப்பர் பயிற்றுநர் வாரத்தில் எந்தெந்த நாள் வருவார்? இரண்டாவது கேள்விக்கு எண் வராமல் "எல்லாருக்கும் வாய்ப்பு கொடுப்போம்" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த கிளப்பின் எண்ணைத் தேடுங்கள்.